ஒட்டும் வித்தை

சித்திரக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வர்ணத்தைப் பற்றிப் பேசுவார்கள். ரேகையின் ஓட்டத்தைப் பற்றியும் முகத்தில் வந்த பாவத்தைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பசையைப் பற்றிப் பேசுகிறவரை நான் அதிகமாகக் கண்டதில்லை. வர்ணத்தோடு துணியையும் காகிதத்தையும் மண்ணையும் தகட்டையும் கயிற்றையும் ஒரே பலகையில் கூட்டிச் சித்திரம் அமைக்கும் தொழிலை, இந்நாளில் எல்லோரும் 'மிக்ஸட் மீடியா' என்று வழங்கும் அந்தத் தொழிலை, கடலூரிலும் சிதம்பரத்திலுமாக என் ஆயுளின் பெரும்பகுதி செய்தும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்திருக்கிற எனக்கு இந்த மௌனம் ஆச்சரியமாகவே இருந்துவருகிறது. கற்பனை குறைந்த படம் சுமாரான படம் என்ற பெயரோடாவது சுவரில் தொங்கும். பசை தவறிய படமோ இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கும்.

என் தகப்பனார் மஞ்சக்குப்பத்தில் பைண்டிங் கடை வைத்திருந்தார். கலெக்டர் கச்சேரியும் கோர்ட்டுகளும் அங்கே இருந்தபடியால் கணக்குப் புஸ்தகங்களுக்கும் பதிவேடுகளுக்கும் குறைவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு ஏற்பட்ட வேலை பசை காய்ச்சுவது. மைதா மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, கொதிக்கிற நீரில் அதை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே, ஒரே திசையில் துடுப்பால் கிளறிவர வேண்டும். மாவின் வெண்மை நீங்கி, உள்ளே வெளிச்சம் ஓடுவது போன்ற ஒரு தெளிவு வருகிற தருணத்தில் சட்டியை இறக்கிவிட வேண்டும். சற்று முந்தினால் பசை பிடிக்காது. சற்றுப் பிந்தினால் அடிப்பிடித்து நாறும். இறக்கும்போது பொடித்த மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பது வழக்கம். பசையைத் தின்ன வருகிற பூச்சியும் பூஞ்சையும் அதற்கு அஞ்சி விலகும். அது விஷமாகையால், துத்தம் போட்ட சட்டியை வேறு எந்தக் காரியத்துக்கும் எடுக்கக்கூடாது என்பது கடையின் சட்டம்.

அந்தக் கடையில் நான் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்கள் பிற்காலத்தில் எந்தக் கலாசாலையிலும் எனக்குக் கிடைக்காதவை. முதலாவது, காகிதத்துக்கு ஓட்டம், அதாவது நார்கள் படிந்திருக்கும் திசை, உண்டு என்பது. பசை பட்ட காகிதம் ஓட்டத்துக்குக் குறுக்காக விரிந்து கொடுக்கும், காயும்போது சுருங்கும், சுருங்குகையில் தான் ஒட்டியிருக்கும் அட்டையையும் தன் பக்கம் இழுக்கும். ஆகையால் அட்டையின் ஒரு முகத்தில் காகிதம் ஒட்டினால் மறு முகத்திலும் ஒட்டியாக வேண்டும். இரண்டு இழுப்பும் சமமானால்தான் அட்டை நேராக நிற்கும். பெரிய பெரிய கண்காட்சிகளில், ஆயிரக்கணக்கான ரூபாய் விலை குறித்த படங்கள் வில்லைப்போல் வளைந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இவர் ஒரு பைண்டரிடம் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றாமல் இருந்ததில்லை. இரண்டாவது விஷயம் தகப்பனாரின் வாய்மொழி. கெட்டியாக இருக்கட்டும் என்று நான் ஒரு முறை பசையை அள்ளிப் பூசியபோது அவர், "நாளைக்கு இதைப் பிரிக்கப்போறவனும் ஒரு பைண்டர்தான்டா, அவன் திட்டாத மாதிரி ஒட்டு" என்றார். பதிவேடு என்பது சில வருஷங்களுக்கு ஒரு தடவை பிரித்துத் திரும்பத் தைக்கப்பட வேண்டிய வஸ்து. பிரிக்க முடியாதபடி ஒட்டுகிறவன் புஸ்தகத்துக்குச் சத்துரு என்பது அவர் சித்தாந்தம்.

கடையில் ஓரம் வெட்டிய காகிதக் கீற்றுகள் மூட்டை மூட்டையாகச் சேரும். அவற்றை எடுத்துப்போக வண்டிப்பாளையத்திலிருந்து ஒருவர் வருவார். கடலூரின் ஒரு பகுதியான வண்டிப்பாளையம் நவராத்திரிக் கொலுப் பொம்மைகளுக்குப் பெயர்போன இடம் என்பதைத் தென்னாற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ருட்டிப் பொம்மையைப் போலவே இதுவும் நம் பக்கத்துப் பிரசித்தி. காகிதத்தை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, கிழங்கு மாவுப் பசையும் வெள்ளைத் தூளும் சேர்த்துப் பிசைந்து, முன்பாதி பின்பாதி என்று இரண்டாக இருக்கும் அச்சுகளில் அமுக்கி, காய்ந்தபின் இரண்டையும் பொருத்தி, மூட்டுவாயைப் பூசி மெழுகி, தேய்த்து, வெள்ளை கொடுத்து, அப்புறம் வர்ணம் தீட்டுவார்கள். யாருடைய நிலவரிக் கணக்கின் ஓரமோ கண்ணபிரானின் கன்னமாக மாறுவதை நான் அங்கே திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று கேட்டதற்கு, வெளித்தோல் முந்திக் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் வெடித்துவிடும் என்று அங்கிருந்த அம்மாள் சொன்னார். நிழலில் காய்வதுதான் காய்வது. இந்த ஒரு வாக்கியத்தை நான் பிற்பாடு எத்தனை மாணாக்கர்களிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

லோயர், ஹையர் என்னும் அரசாங்கச் சித்திரப் பரீக்ஷைகளைத் தேறிவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னை ஓவியக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் ஆரம்பித்த ஸ்தாபனம் அது. கே.ஸி.எஸ். பணிக்கர் முதல்வர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றுச் சில வருஷங்களே ஆகியிருந்தன; சிற்பி எஸ். தனபால் அவர்களின் காலம் நடந்துகொண்டிருந்தது. ஜாதகக் கட்டங்களையும் எழுத்துக்களையும் போன்ற உருவங்களைக் கொண்டு பணிக்கர் வரைந்த சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசைப் படங்களை முதன்முதலாகப் பார்த்தபோது, மஞ்சக்குப்பத்துப் பழைய பதிவேடுகளை யாரோ சுவரில் மாட்டிவிட்டாற்போல் எனக்கு ஒரு பந்துத்துவம் ஏற்பட்டது. செப்புத் தகட்டைத் தட்டி, கம்பியைப் பற்றவைத்து, தேவதைகளை உண்டாக்கிய பி.வி. ஜானகிராமின் சிற்பங்களும் என்னை வெகுவாகக் கவர்ந்தன. பணிக்கரும் அவருடைய நண்பர்களும் 1966இல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருமானமே அவர்களுக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது என்று கேள்விப்பட்டதும், கைத்தொழில் வேறு கலை வேறு என்று வாதிடுகிறவர்களோடு சண்டை போடும் சிரமம் எனக்கு நீங்கிற்று.

கலைச் சரித்திர வகுப்பில், 1912ஆம் வருஷம் பிக்காஸோ, பிரம்பு பின்னினது போல் அச்சடித்த எண்ணெய்த் துணியைப் படத்தில் ஒட்டி, அதைச் சுற்றிக் கயிற்றையே சட்டமாகக் கட்டி ஒரு புரட்சி செய்தார் என்று போதித்தார்கள். அவர் செய்தது பெரிய காரியந்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சாந்து பூசி, கல் பதித்து, பொன் ரேக்கு போர்த்தி, மீதி இடத்தில் வர்ணம் தீட்டுகிற பலகைப்படம் நம் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்திலேயே ஓங்கியிருந்ததை அதே வகுப்பில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்தக் குறையைச் சிதம்பரம் தீர்த்துவைத்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக வேலை கிடைத்துப் போனபிறகு, பலகைப்படம் எழுதுவதைப் பரம்பரையாகக் கொண்ட ராஜு வகுப்பைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் கோடை விடுமுறைகளில் போய்க் கற்றுக்கொண்டேன். பலாப்பலகை விசேஷம் என்பார் அவர்; பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் என்னை ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பலகையில் துணியை ஒட்டுவதற்கு அவர் பிரயோகித்தது புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால், மைதாவைவிட உறுதியான, நிறம் சற்று மங்கலான பசை கிடைக்கும். துணியின்மேல் சுக்கான் தூளும் பிசினும் கலந்த பூச்சை, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தந்தம்போல் ஆக்கின பிறகே கோடு எழுத உத்தரவு கிடைக்கும்.

அதற்குமேல் மக்கு. அதே தூளையும் பிசினையும் இன்னும் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு, தூரிகையின் நுனியால் சொட்டுச் சொட்டாக வைத்து, ஆபரணங்களையும் தூண்களையும் பிரபையையும் மேடாக எழுப்ப வேண்டும். ஈரம் இருக்கும்போதே கண்ணாடிக் கற்களை அதில் அழுத்திவிட வேண்டும். பிறகு பொன் ரேக்கு ஒட்டுகிற கட்டம். அறையில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு உட்காருவோம். மேட்டின்மேல் பிசினைத் தடவி, அது காயாமலும் ஓடாமலும் விரல் வைத்தால் லேசாகப் பிடிக்கிற பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, வெட்டிய ரேக்கைத் தாளோடு தூக்கி வைத்து, பஞ்சால் ஒற்ற வேண்டும்; ஒற்ற ஒற்ற, அடியில் இருக்கிற முத்தும் கொடியும் பொன்னுக்குள்ளிருந்து எழும்பி வரும். அந்தப் பதம் எப்போது வரும் என்று நான் கேட்டேன். பெரியவர் என் விரலைப் பிடித்துப் பிசினில் வைத்து எடுத்து, "இப்ப இல்ல தம்பி" என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும் வைத்து எடுத்து, "இப்ப" என்றார். உபதேசம் அவ்வளவுதான். கடிகாரத்தால் அதைச் சொல்ல முடியாது. கத்திரி வெயிலில் ஒரு கணக்கு, ஐப்பசி மழையில் ஒரு கணக்கு.

சிதம்பரத்தில் குடியிருந்ததனால் கிடைத்த இன்னொரு பேறு, சிவகாமியம்மன் கோயில் மண்டபத்து விதானம். நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில், சுண்ணச் சாந்தின்மேல் எழுதப்பட்ட அந்தச் சித்திரங்களில் மாணிக்கவாசகரின் சரித்திரமும், தாருகாவனத்துப் பிக்ஷாடனரும் மோகினியும் நீள நீளமான பட்டைகளாக ஓடுகின்றன. கழுத்து வலிக்கிற மட்டும் அண்ணாந்து பார்ப்பேன். வர்ணம் உதிர்ந்த இடங்களில்தான் எனக்குக் கவனம் அதிகம். அங்கேதான் சாந்து எப்படிப் பூசப்பட்டது, கோடு எந்த நிறத்தில் முதலில் விழுந்தது என்ற அந்தரங்கங்கள் வெளிப்படும். சிதம்பர ரகஸ்யம் என்று வழங்கும் ஸ்தானத்தில் திரையை விலக்கினால் வெற்று வெளியில் பொன் வில்வ மாலைகள் மாத்திரம் தொங்குகின்றன. தத்துவம் அறிந்தவர்கள் அதற்குச் சொல்லும் பொருளைச் சொல்ல எனக்கு அருகதையில்லை. ஆனால் ஒரு திரை, ஒரு வெளி, கொஞ்சம் பொன் ஆகிய மூன்றைக் கொண்டு இவ்வளவு பெரிய காரியத்தை நிகழ்த்திய அமைப்பாளரைத் தொழில் முறையில் நான் தினமும் நமஸ்கரித்ததுண்டு. வடலூரில் 1872இல் வள்ளலார் ஸ்தாபித்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை என்று வந்து ஏழாவது கலப்பு நிறம். தைப்பூசத்துக்கு மாணாக்கர்களோடு போனால், ஒன்றன்பின் ஒன்றாகத் திரை விலகுவதை அவர்கள் பார்த்துவரட்டும் என்று ஒன்றும் பேசாமல் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

பள்ளியிலிருந்து ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பே பயிற்சிப் பட்டறைகள் நடத்த ஆரம்பித்தேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு. சிதம்பரத்தில் தேரோடும் வீதி ஒன்றில் ஒரு பழைய வீட்டின் முற்றம். வருகிறவர்களில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், பாங்கியில் வேலை செய்கிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓய்வாக இருக்கும் தாய்மார்கள், நெய்வேலியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற இன்ஜினீயர்கள் என்று எல்லா விதமும் உண்டு. இன்ஜினீயர்கள் அளவில் கெட்டிக்காரர்கள். ஆனால் காத்திருக்கச் சொன்னால் அவர்களுக்குத் தாங்காது. ஈரம் உலர்வதற்குள் ஹேர் டிரையரை எடுத்துவிடுவார்கள்.

இந்த ஹேர் டிரையர்தான் இக்காலத்துப் பட்டறைகளின் லக்ஷணம் என்பது என் அபிப்பிராயம். காலையில் வந்து மாலையில் ஒரு முழுப் படத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும், அதற்கு முன் எல்லோரும் படத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. ஒரு ஸ்தாபனத்தார் என்னை அழைத்து, தங்கள் ஊழியர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் தஞ்சாவூர்ப் படம் போடச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். வெட்டிய பலகை, அச்சடித்த கோடு, தயாரான மக்கு, பின்பக்கம் பசையோடு வரும் கல் எல்லாம் பெட்டியில் அவர்களே கொடுத்துவிடுவார்களாம். அப்படியானால் நான் எதற்கு என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். என் பட்டறை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நடுவில் ஒரு வாரம். முதல் ஞாயிற்றுக்கிழமை பசை காய்ச்சுவதும், பலகையில் துணி ஒட்டுவதும், அவரவர் கொண்டுவந்த சாமான்களைப் பலவகைப் பசைகளில் ஒட்டிப் பார்ப்பதுமே. அந்த வாரம் முழுவதும் அதை வீட்டில் வைத்துத் தினமும் பார்க்கச் சொல்வேன்: எது தூக்கிக்கொண்டது, எது சுருங்கிற்று, எது நாறுகிறது, எங்கே பூஞ்சை கண்டது. பாதிப் பேர் இரண்டாம் ஞாயிறு வருவதில்லை. வருகிற பாதிப் பேருக்கு நான் அதிகமாகப் பேச வேண்டியிருப்பதில்லை.

சில சமயம் பட்டறையில் குரு ஸ்தானம் இடம் மாறிவிடுகிறது. கிள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு மீனவர், வரைகிற ஆசையுள்ள தம் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைப் படமாக்க முயன்ற அந்தப் பெண், வேர்களுக்காகப் பழைய நைலான் வலைத் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள். மைதாப் பசையில் அது நிற்கவில்லை, புளியங்கொட்டையிலும் நிற்கவில்லை, ஃபெவிகாலில் நிற்பதுபோல் இருந்து, காய்ந்ததும் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. ஏதாவது ரசாயனப் பசை வாங்கிவரச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அவர் எழுந்து வந்து, "இது ஒட்டாதுங்க ஐயா, கட்டணும்" என்றார். பலகையின் ஓரத்தில் ஊசியால் துளை போட்டு, வலையைப் பின்னும் நூலாலேயே, வலைக் கண் ஒவ்வொன்றையும் துணியோடு சேர்த்து முடிந்து காட்டினார். அவருடைய விரல்கள் ஓடின வேகத்தில் முடிச்சு எப்படி விழுந்தது என்று எங்களில் ஒருவருக்கும் புலப்படவில்லை. மெதுவாகப் போடச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தோம். நீர்ப்பசையை உறிஞ்சாத வஸ்துவைத் தைக்கவோ கட்டவோ வேண்டுமென்பது அன்றிலிருந்து என் பாடத்திட்டத்தில் ஏறிவிட்டது. பிளாஸ்டிக் பையோ மீன்வலையோ எது வந்தாலும் இப்போது முதலில் ஊசியைத்தான் எடுக்கிறோம்.

கடலூர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோர ஈரத்தில் பிசின் காய்வதற்கு வெகு நேரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ந்ததுகூட மறுபடியும் இளகிப் பிசுபிசுக்கும். ஆகவே பொன் வேலையைத் தை பிறந்தபின் வைத்துக்கொண்டு, மழைக்காலத்தைக் காகிதக் கூழுக்கும் தையலுக்கும் ஒதுக்கிவிட்டேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் அடியோடு சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த மரங்கள் விழுந்து கிடந்த தோப்புகளின் வழியாகப் பஸ்ஸில் போன நாள்களை நினைக்க இப்போதும் மனம் ஒப்பவில்லை. அந்த மரங்களின் பலகை சிலவற்றை நான் விலைகொடுத்து வாங்கி ஆறவைத்தேன். அவற்றில் செய்த படங்களில் சாமி உருவம் எதுவும் எழுதவில்லை. பலகையின் மஞ்சள் நிறமும் ரேகையும் வெளியே தெரியும்படி விட்டு, ஓரங்களில் மட்டும் துணியும் கூழும் சேர்த்தேன். அவை ஒன்றும் விலை போகவில்லை. போகாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஃபெவிகால் 1959இல் நம் தேசத்தில் விற்பனைக்கு வந்தபிறகு, தச்சர்கள் நாற்றத்தைச் சகித்துக்கொண்டு காய்ச்சிய வச்சிரமும், எங்கள் மைதாச் சட்டியும், ராஜுக்களின் புளியங்கொட்டையும் மூலைக்குப் போயின. அதன் சௌகரியத்தை நான் மறுக்கவில்லை. என் மேஜையிலும் ஒரு டப்பா உண்டு. ஆனால் காய்ந்தபின் அது தண்ணீருக்குக் கரைந்து கொடுக்காது. பழைய பசைகளெல்லாம் கொஞ்சம் ஈரம் காட்டினால் கையை விடும். பழுது பார்க்க வருகிறவனுக்கு வழி விடும். தகப்பனார் சொன்ன 'நாளைக்குப் பிரிக்கப்போறவன்' என்ற அந்த மனிதனை மனத்தில் வைத்துக்கொண்டு ஒட்டுகிறவனே தொழில் தெரிந்தவன் என்று, இத்தனை காலம் கழித்து, நானும் தீர்மானமாகச் சொல்வேன்.

இதை வாசிக்கிறவர்களில் பலருடைய வீட்டுப் பூஜையறையில் பாட்டனார் காலத்துத் தஞ்சாவூர்ப் படம் ஒன்றாவது இருக்கக்கூடும். பண்டிகைக்குச் சுத்தம் செய்வதாக அதை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். பிசினும் சுக்கானும் நீரில் இளகிப் பொன்னையும் கூடவே கொண்டுபோய்விடும். மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். கல் ஏதேனும் உதிர்ந்தால் உடனே கையில் கிடைத்த பசையைப் போட்டு ஒட்டிவிடாமல், ஒரு காகித உறையில் போட்டு, எந்த இடத்துக் கல் என்று உறையின்மேல் எழுதி, படத்தின் பின்னாலேயே செருகி வையுங்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர் வரும்போது அவருக்கு அது வேண்டியிருக்கும்.